கார் கேள்வி – பதில்: ஏற்காட்டு மலையும் சின்ன ஹைப்ரிட்டும்

அஸ்தம்பட்டி வாசகர்: சொகுசு கம்பெனிகள் சின்னதாக ஒரு ஹைப்ரிட் ஹேட்ச்பேக் கொண்டுவரப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். ஊருக்குள் பார்க்கிங்குக்கும் ஏற்காடு போய்வரவும் தோதாக இருக்கும். காத்திருக்கலாமா?

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் இந்த மாதிரி சின்ன சொகுசு ஹைப்ரிட் கார் உலகத்துக்குப் புதிதல்ல. டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்ஸஸ் 2010-ல் ஜெனீவா கண்காட்சியில் சிடி 200எச் என்ற ஹேட்ச்பேக்கை நிறுத்தியது. 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், மோட்டார், பின்பக்கம் நிக்கல் பேட்டரி, மொத்தம் 136 குதிரைத்திறன். 2022-ல் உற்பத்தி நின்றது. இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவே இல்லை. அதற்கடுத்து 2023-ல் எல்பிஎக்ஸ் என்ற சிறிய க்ராஸ்ஓவர் வெளிவந்தது, 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், நீளம் 4.19 மீட்டர்.

நம் ஊரில் சிக்கல் விலையில்தான். 2025 செப்டம்பர் 22 முதல் பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கு 18% ஜிஎஸ்டி கிடைக்க வேண்டுமென்றால் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும் நீளம் 4 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தாண்டினாலும் 40%. மேலே சொன்ன இரண்டு கார்களும் இரண்டையுமே தாண்டுகின்றன. இறக்குமதி என்றால் சுங்கவரி தனி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போனால் ஆயுள் வரி 20%. ஆக, கார் கையளவு இருந்தாலும் ஆன்-ரோடு விலை கையளவு இருக்காது. அவசரத் தேவை இல்லை என்றால் காத்திருங்கள். இருக்கிற காரை விற்றுவிட்டு பஸ்ஸில் போய்க்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

நாகலூர் வாசகர்: மலையிறங்கும்போது பேட்டரி தானாக நிரம்பிவிடும், அதனால் ஏற்காட்டுக்காரர்களுக்கு ஹைப்ரிட்டில் பெட்ரோல் செலவே இருக்காது என்கிறார் ஷோரூம்காரர். உண்மையா?

நிரம்பும் என்பது உண்மை. சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதுதான் பிரச்சினை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு 1,500 கிலோ உள்ள கார் அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம் ஏற, தேய்மானம் எதையும் சேர்க்காமலே 4.5 யூனிட் சக்தி வேண்டும். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட்டின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். ஆயுள் கெடக் கூடாதென்று அதிலும் நடுப்பகுதியை மட்டுமே கம்ப்யூட்டர் பயன்படுத்தும். எனவே ஏறும்போது பேட்டரி தருவது பத்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. மீதி முழுக்கப் பெட்ரோல்.

இறங்கும்போது அதே 4.5 யூனிட் திரும்பி வர வேண்டும். டயர் உருளலுக்கும் காற்றுக்கும் ஒன்று போகும். மோட்டார், இன்வர்ட்டர் வழியாக மாறும்போது இன்னும் கொஞ்சம் கழியும். அப்படியும் இரண்டு யூனிட்டுக்குக் குறையாமல் கையில் இருக்கும். அதை வைக்கத்தான் இடமில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கால்வாசி தாண்டும் முன்பே பேட்டரி படம் மேல்கோட்டைத் தொட்டுவிடும். மிச்சமெல்லாம் சூடாகத்தான் வீணாகும்.

ஹைப்ரிட் காசு மிச்சம் பிடிப்பது ஐந்து ரோடு சிக்னலிலும் சூரமங்கலம் நெரிசலிலும்தான். நின்று, நகர்ந்து, மறுபடி நிற்கும் ஓட்டத்துக்கு அந்தச் சின்ன பேட்டரி கச்சிதமாகப் போதும். மாதத்தில் பாதி நாள் சேலம் டவுனுக்குள் சுற்றுகிறவர் என்றால் வாங்குங்கள். எஸ்டேட்டுக்கும் ஏற்காடு பஜாருக்கும் மட்டும் ஓடுகிற காருக்கு இது வீண் செலவு.

இன்னொன்று. விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்தது. ஹைரைடரில் மொத்தம் 115.5, இன்ஜின் மட்டும் 92. சிடி 200எச்சில் 136-க்கு 99. ஏற்றத்தில் பேட்டரி இறங்கிவிட்டால் உங்களிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது எண்தான். பாதி மலையில் பஸ்ஸை முந்த நினைக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். டெஸ்ட் டிரைவை நான்கு பேரோடு, ஏசி போட்டு, அடிவாரத்திலிருந்து மேலே வரை கேளுங்கள். மலை ஏறாமலே கோரிமேட்டோடு திருப்பிக்கொண்டு வந்தால் அது டெஸ்ட் டிரைவ் அல்ல.

கோரிமேடு வாசகர்: ஹைப்ரிட் எடுத்து மூன்று மாதம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல் இன்ஜின் திடீரென்று உறுமுகிறது. கோளாறா?

இல்லை. பேட்டரி நிரம்பியதும் மிஞ்சும் சக்தியைச் செலவழிக்க மோட்டார் இன்ஜினைச் சும்மா சுற்றுகிறது. அப்போது பெட்ரோல் எரிவதில்லை. பழைய காரில் இரண்டாவது கியரில் இறக்குவீர்களே, அதே வேலைதான்.

கியர் லீவரில் 'பி' (ஆங்கில B; பார்க்கிங்குக்கான P அல்ல) என்று ஒரு நிலை இருந்தால் அது இந்த இறக்கத்துக்காகவே வைத்தது. முதல் வளைவுக்கு முன்பே அதில் போடுங்கள். டவுனுக்குள் அதில் ஓட்டாதீர்கள். பேட்டரிக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கு இன்ஜினைச் சுற்றுவதிலேயே போய்விடும். ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டில் இதற்கு ஸ்டீயரிங் பின்னால் விரலால் இழுக்கும் பேடில் இருக்கிறது.

வழக்கமாக ஓட்டும் 'டி'யிலேயே (D) வைத்து பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால், பேட்டரி நிரம்பிய பிறகு சுமையில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்குக்குப் போகும். கருகல் வாசனை வரும், பெடல் பஞ்சுபோல் அமுங்கும். அப்படி ஆனால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, மேலே சொன்ன B-யோடு குழப்பிக்கொள்ளாமல் பார்க்கிங் (P) நிலையில் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்; ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்துத்தான் பெடல் தொய்கிறது. நியூட்ரலில் இறக்குவது எந்தக் காரிலும் தப்பு, ஹைப்ரிட்டில் இரட்டைத் தப்பு: இன்ஜின் பிடிப்பும் போகும், சார்ஜும் ஏறாது.

ஆத்தூர் வாசகர்: 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்று எழுதியிருந்தால் போதுமா? பச்சை நம்பர் பிளேட் தருவார்களா?

அது மைல்ட் ஹைப்ரிட். மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்குமே தவிர, தனியாகச் சக்கரத்தைச் சுற்றாது. ஷோரூமில் சோதிக்க எளிய வழி: இன்ஜின் அணைந்த நிலையில் கார் பத்தடி நகர்கிறதா பாருங்கள். பச்சை பிளேட் முழு மின்சாரக் கார்களுக்கு மட்டும்.

கொண்டலாம்பட்டி வாசகர்: சாதாரண மாடலைவிட ஹைப்ரிட் 3 லட்சம் அதிகம். எப்போது திரும்பும்?

மாதம் 1,000 கிலோமீட்டர், சாதாரண கார் லிட்டருக்கு 14, ஹைப்ரிட் 20 கொடுக்கிறது, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 21 லிட்டர் மிச்சம். வருடத்துக்கு 25,700 ரூபாய். 3 லட்சம் திரும்ப பதினொன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். 2,000 கிலோமீட்டர் ஓடினால் ஆறு வருடம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், ஆனால் கம்பெனி சொல்லும் 27.97 மாதிரியான மைலேஜைப் போடாதீர்கள். அது ஆய்வுக்கூட எண். சத்தமில்லாமல் போவதும் நெரிசலில் கால் வலிக்காததும் பிடித்து வாங்கினால் இந்தக் கணக்கே வேண்டாம்.

அம்மாபேட்டை வாசகர்: நம் வெயிலுக்கு பேட்டரி தாங்குமா?

தாங்கும், மூச்சுவிட விட்டால். காற்றில் குளிரும் பேட்டரிகளுக்கு காற்று உள்ளே போகும் வாய் பெரும்பாலும் பின் சீட்டின் ஓரத்தில், ஜன்னல் போன்ற சின்ன கம்பித் தடுப்போடு இருக்கும். அதன்மேல் பையோ சீட் கவரோ மூடக் கூடாது. தலைமுடி, நூல், தூசி அதில் பஞ்சாகப் படியும். ஒவ்வொரு சர்வீசிலும் வலையைக் கழற்றி வேக்குவம் போடச் சொல்லுங்கள். பின் சீட்டில் ஃபேன் இரைச்சல் வழக்கத்தைவிட அதிகமானால் அடைப்பு என்று அர்த்தம். டொயோட்டா ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி உண்டு.

வழியில் கைவிடுவது பெரும்பாலும் பெரிய பேட்டரி அல்ல, சின்ன 12 வோல்ட்தான். அது இறங்கினால் கார் கிளம்பத் தயாரான 'ரெடி' நிலைக்கே வராது. இரண்டு மூன்று வாரம் வெளியூர் போவதென்றால், வாரம் ஒருமுறை 'ரெடி'யில் அரை மணி நேரம் வைக்க யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்தவர் காருக்கு ஜம்ப் கொடுக்க ஹைப்ரிட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

ஏற்காடு வாசகர்: டயர் விஷயத்தில் கவனிக்க ஏதாவது?

உண்டு. சொகுசு ஹேட்ச்பேக்குகளில் 215/45 ஆர்17 போன்ற டயர் வரும். ரப்பர் உயரம் 97 மில்லிமீட்டர்தான். ஹைரைடரின் 215/60-ல் 129. எஸ்டேட் கல்பாதையில் அந்த 32 மில்லிமீட்டர்தான் ரிம்மைக் காப்பாற்றுகிறது. ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டும்தானா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு புக் செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் வெட்டு விழுந்தால் கிட்டால் ஒன்றும் ஆகாது.

ஓமலூர் வாசகர்: துபாயிலிருக்கும் தம்பி தன் பழைய சிடி 200எச்சை அனுப்புவதாகச் சொல்கிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம்; இங்கே வலப்பக்கம் உள்ளதற்குத்தான் அனுமதி. பழைய கார் தயாராகி மூன்று வருடத்தையும் தாண்டக் கூடாது.