பொதிகையைவிடக் குட்டை என்று எண்ணி ஏறாதீர்கள்

தம்பி, கிளாஸ்கோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, நவம்பர் நடுவில் அலுவலக நண்பர்கள் பென் லோமண்ட் மலைக்கு அழைத்திருக்கிறார்கள், என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மலையும் கூடாரமுமே உலகம் என்று இருக்கும் மேலதிகாரிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக என்ன தரலாம், வாடகை எந்தப் பகுதியில் குறைவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையைப் பற்றிச் சொல்ல இங்கே நூறு பேர் இருக்கிறார்கள், அதை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னை உறுத்தியது, "பொதிகை அடிவாரத்து வி.கே.புரத்துக்காரனுக்கு மலை புதிதா? பொதிகை 1,868 மீட்டர், இது வெறும் 974 மீட்டர்தானே" என்று நீங்கள் எழுதிய வரி. பதினேழு ஆண்டுகளுக்கு முன் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திறங்கிய நானும் இதே கணக்கைத்தான் போட்டேன்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். அம்பையில் 32 டிகிரி அடிக்கும் நாளில் பொதிகை உச்சியில் இருபது டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். இங்கே அடிவாரத்து ஏரிக்கரையிலேயே 6 டிகிரி என்றால், உச்சியில் தண்ணீர் உறையும். அதற்கு மேல் காற்று வேறு. குற்றாலச் சாரலில் நனைவதற்கென்றே பேருந்து ஏறிப் போய் வளர்ந்தவர்கள் நாம், ஆகவே மெல்லிய தூறலைக் கண்டு அஞ்சும் பழக்கம் நமக்கு இல்லை. இங்கே அந்தத் தூறல்தான் ஆபத்து.

நான் வந்த முதல் ஆண்டு அக்டோபர் கடைசியில், நம் பக்கத்துப் பையன்கள் நால்வர் இதே மலைக்குப் போனோம். ஜீன்ஸ், பருத்திப் பனியன், ஸ்வெட்டர், ஓடுவதற்கான காலணி, இவ்வளவுதான் எங்களிடம் இருந்தவை. பாதி தூரம் ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சேரன்மகாதேவிப் பையன் நடுங்கத் தொடங்கினான். சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது. சரியாகிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் அவன் பேச்சு குழறியது, ஈரப் பாறையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தான். உடல் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் முயற்சியைக் கைவிடும்போதுதான் நடுக்கம் நிற்கிறது என்பது அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இறங்கி வந்துகொண்டிருந்த வயதான தம்பதி எங்களைப் பார்த்து நின்றனர். அவன் காலணிக் கயிற்றை அவிழ்க்க நான் குனிந்தேன். விறைத்துப்போன என் விரல்கள் முடிச்சைத் தொட்டும் உணரவில்லை. அந்த அம்மாள் என் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தாமே அவிழ்த்தார், ஈர உடையைக் கழற்றித் தம் ஃபிளீஸ் சட்டையை, அதாவது கம்பளிபோல் சூடு தரும் செயற்கை இழைச் சட்டையை, அவனுக்கு மாட்டினார், பையிலிருந்து உரச்சாக்கைவிடப் பெரிய ஆரஞ்சு நிற நெகிழிப் பை ஒன்றை உதறி எடுத்து அவனைக் கழுத்துவரை அதற்குள் இறக்கினார். ஃபிளாஸ்கிலிருந்து சர்க்கரை தூக்கலான தேநீரை வாய் வாயாகக் கொடுத்தார். அவன் நடக்கத் தேறியதும் இருவரும் சாலைவரை கூடவே வந்தார்கள். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை.

ஆகவே முதலில் பருத்தியை வீட்டில் விடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது வரம், ஏனென்றால் வியர்வையைக் குடித்து உடம்பைக் குளிர்விக்கும். அதே குணம் இங்கே எமனாகும். நனைந்த துணி உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே நீர் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும் என்று அடுக்காக அணியுங்கள். அந்த ஜாக்கெட்டைத் துணிகளை மென்மையாக்கும் திரவம் ஊற்றித் துவைத்தால் நீரை உருட்டித் தள்ளும் பூச்சு கெட்டுவிடும். பூட்ஸை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நெற்றியில் கட்டும் விளக்கு கட்டாயம் வேண்டும். நவம்பர் நடுவில் நாலு மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். ஏறி இறங்க ஐந்து மணி நேரம் ஆகும் மலைக்குப் பதினொரு மணிக்குக் கிளம்புகிறவர்கள் இருட்டோடு பந்தயம் ஓடுகிறார்கள். விசில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது இங்கே ஆபத்துக்கான குறி. கைபேசி வேலை செய்தால் 999-ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் தன்னார்வலர்களே வருவார்கள், ஒரு காசு வாங்கமாட்டார்கள்.

நம்மவர்களைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு சாரார் ஒவ்வொரு பவுண்டையும் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, பூட்ஸ் விலையில் ஊரில் ஒரு மாத மளிகை வாங்கலாமே என்று வெறுங்கையோடு கடையை விட்டு வெளியேறுகிறார்கள். இன்னொரு சாரார் படம் எடுப்பதற்காக நானூறு பவுண்டுக்கு ஜாக்கெட் வாங்கிவிட்டு, வரைபடமும் விளக்கும் இல்லாமல் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். இரண்டும் எனக்கு வேதனையாகவே இருக்கிறது. நான் பொருள்களை ஒவ்வொரு மாதமும் ஒன்றாகச் சேர்த்தேன். இன்று பனிக்காலத்திலும் தனியாக மலை ஏறி இறங்கும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது, அதில் எனக்குப் பெருமை உண்டு.

கூடாரத்தில் தங்க அழைத்தால், ஸ்லீப்பிங் பேக்கின் உறையில் 'எக்ஸ்ட்ரீம்' என்று போட்டிருக்கும் வெப்ப அளவை நம்பாதீர்கள். அது உயிர் பிழைப்பதற்கான எல்லை. தூங்குவதற்கு 'கம்ஃபர்ட்' என்ற அளவையே பாருங்கள். நம் பத்தமடைப் பாய் முதுகைக் குளிர்விக்க நெய்தது. இங்கே தரைக்குளிர் ஏறாமல் தடுக்கும் காற்றடைத்த மெத்தைதான் உதவும். மழை பெய்கிறதென்று கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்புப் பற்றவைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

பரிசைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழகிய மலையேறிக்கு உடம்பு அளவு பார்த்து அணியும் எதையும் வாங்காதீர்கள். நிலக்கடலை ஒவ்வாமை இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுங்கள். சட்டைப்பையில் கிடந்து வழியில் பசி தீர்க்க அதைவிட நல்ல பண்டம் நான் இங்கே கண்டதில்லை. கூடவே சுக்கும் கருப்பட்டியும் இடித்த தூள் ஒரு டப்பா. அல்வா நெய் கசியும், பைக்குள் ஆகாது.

யோசித்துப் பார்த்தால் இந்தப் பாடத்தை என் ஆச்சி எனக்கு முன்பே சொல்லித்தான் இருந்தார். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போய், ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவோம். தீப்பெட்டியைத் தூக்குச்சட்டிக்குள் போட்டு இறுக மூடி, மாற்றுத்துணியை இரண்டு நெகிழிப் பைகளில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். நாங்கள் ஆற்றில் எவ்வளவு ஆடினாலும் அந்த மூட்டையைத் தொட விடமாட்டார். "எல்லாம் நனைஞ்சாலும் ஒண்ணு நனையாம இருக்கணும்லே" என்பார். இரவில் மலையிலிருந்து குளிர் இறங்கும்போதுதான் அதைப் பிரிப்பார். துணியில் கற்பூர வாசம் இருக்கும்.

அந்தத் தம்பதி எங்களிடமே விட்டுச் சென்ற ஆரஞ்சுப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பூட்ஸையும் கொண்டு வாருங்கள், கயிறு கட்டும் முறையைக் காட்டித் தருகிறேன்.