ரிமோட்டின் ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம்: கேள்வி பதில்

ரிமோட் போன்ற கையடக்கக் கருவிகளில், கண்ணுக்குத் தெரியாத ஒளி தரும் அகச்சிவப்பு எல்.இ.டி.யின் வலிமையைத் தேவைக்கேற்ப மாற்றுவது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். ரிமோட் போர்டுகளை வரைவதுதான் என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி (டிப்ளமோ மாணவர்): சார், எல்.இ.டி.யோடு தொடராக ஒரு வால்யூம் கன்ட்ரோல் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போட்டால் போதாதா?

பதில்: வேலை செய்யும் தம்பி, ஆனால் புது பேட்டரி இருக்கும் வரைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு பென்சில் செல் சேர்ந்து 3 வோல்ட். 100 மில்லிஆம்பியரில் எல்.இ.டி. சுமார் 1.35 வோல்ட் எடுத்துக்கொள்ளும், அதை ஓட்டும் டிரான்சிஸ்டர் 0.2 எடுக்கும். மீதி 1.45 வோல்ட், ஆகவே 14.5 ஓம் ரெசிஸ்டர். இதே செல் தேய்ந்து 2.2 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் மீதி 0.65 வோல்ட்தான், கரண்ட் 45 மில்லிஆம்பியருக்கு இறங்கிவிடும். நீங்கள் எதையும் தொடவில்லை, ஆனாலும் வலிமை பாதிக்கு மேல் போய்விட்டது. முதலில் அதை நிலையாக நிறுத்துங்கள், மாற்றுவது அப்புறம்.

அதற்கு இரண்டு சாதாரண என்.பி.என். டிரான்சிஸ்டர் போதும். எல்.இ.டி.யை ஓட்டும் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் (கரண்ட் வெளியேறும் காலில்) ஒரு சிறு ரெசிஸ்டர் போடுங்கள். அதில் 0.65 வோல்ட் விழுந்ததும் இரண்டாவது டிரான்சிஸ்டர் திறந்து முதலாவதின் பேஸை (அதைத் திறந்து மூடும் காலை) கீழே இழுத்துவிடும். அந்த ரெசிஸ்டர் 33 ஓம் என்றால் 20 மில்லிஆம்பியர், 6.8 ஓம் என்றால் 95. இரண்டையும் வைத்து, தேவையானதை சுவிட்சாக வேலை செய்யும் ஒரு சிறு மாஸ்ஃபெட்டால் மாற்றிக்கொண்டால் இரண்டு நிலை கிடைத்துவிடும். பேட்டரி 2.2 வோல்ட்டுக்கு வரும் வரை கரண்ட் அசையாது.

கேள்வி (டிவி மெக்கானிக்): 10 மீட்டர் எட்டுவதை 20 மீட்டர் ஆக்க இன்னொரு எல்.இ.டி. சேர்க்கட்டுமா?

பதில்: ஒன்று போதாது. தூரம் இரண்டு மடங்கு என்றால் ஒளி நான்கு மடங்கு வேண்டும். இரண்டு எல்.இ.டி. போட்டால் 14 மீட்டர் கிடைக்கும், பேட்டரியோ பாதி நாளில் தீரும். அதைவிட, கதிர் குறுகலாக வரும் எல்.இ.டி.க்கு மாறுவது மலிவு. டி.எஸ்.ஏ.எல். 6400 என்ற எல்.இ.டி.யின் கதிர் பக்கத்துக்கு 25 டிகிரி விரியும், 6100 வெறும் 10 டிகிரிதான். ஒரே கரண்டுக்கு நடுவில் ஒளி வெகுவாகக் கூடும். ஆனால் டிவிக்கு நேராகப் பிடித்தாக வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (பொழுதுபோக்காகச் செய்பவர்): போர்டைத் தொடாமல் புரோகிராமிலேயே வலிமையைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும், எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான். ரிமோட் ஒளி தொடர்ந்து எரிவதில்லை. 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு 26 மைக்ரோ வினாடி, அதில் மூன்றில் ஒரு பங்கு எரிந்து மீதி நேரம் அணைந்திருப்பது வழக்கம். டிவியில் ஒளியை வாங்கும் ரிசீவருக்குள் இருக்கும் வடிகட்டி அந்த 38 கிலோஹெர்ட்ஸ் கூறை மட்டுமே பார்க்கும். அந்தக் கூறின் அளவு, எரியும் பங்கை 180 டிகிரியால் பெருக்கி வரும் கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது. மூன்றில் ஒன்று என்றால் 60 டிகிரி, 0.87. பாதி நேரம் எரியவிட்டால் 90 டிகிரி, 1. பேட்டரிச் செலவு ஒன்றரை மடங்காகிறது; தூரம் இரண்டு மடங்காக ஒளி நான்கு மடங்கு வேண்டும் என்ற அதே கணக்குப்படி, தூரம் ஏறுவது வெறும் 7 சதவீதம். பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 0.31. செலவு முன்பிருந்ததில் 30 சதவீதம்தான், தூரம் மட்டும் ஏறக்குறைய 60 சதவீதம் நிற்கிறது!

சின்ன அறைக்கு இதைவிட நல்ல பேரம் கிடையாது. டைமரில் ஒரு எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. பலரும் கூட்டுவதைப் பற்றியே கேட்கிறார்கள். குறைப்பதில்தான் லாபம் அதிகம்: பேட்டரி நீடிக்கும், சுவரில் பட்டுத் திரும்பிப் பக்கத்துக் கருவியை இயக்கும் தொல்லையும் குறையும்.

கேள்வி: எல்.இ.டி. ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டரா, 940ஆ?

பதில்: ரிமோட்டுக்கு 940. டிவிகளில் வரும் டி.எஸ்.ஓ.பி. வகை ரிசீவர்கள் அதற்காகவே செய்யப்பட்டவை. 850 இருட்டில் மங்கலான சிவப்பாகக் கண்ணுக்கும் தெரியும்.

கேள்வி (புதிதாகத் தொழில் தொடங்கியவர்): அட்டை மாதிரி மெல்லிய ரிமோட். பட்டன் செல்லில் 100 மில்லிஆம்பியர் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சி.ஆர். 2032 செல்லின் உள்தடையே 10 ஓமுக்கு மேல் இருக்கும். ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால், பட்டனை அழுத்தியதும் 3 வோல்ட் கோடு 2 வோல்ட் பக்கம் சரிவது தெரியும். ரிமோட்டை இயக்கும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் அங்கேயே மயங்கி ரீசெட் ஆகிவிடும். பக்கத்தில், மின்சாரத்தைச் சேமித்துத் தரும் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டேன் என்று சொல்வார்கள். ரிமோட் செய்தி அனுப்பும் முறைகளில் ஒன்றான என்.இ.சி.யில், 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளின் முதல் தொடரே 9 மில்லி வினாடி. மூன்றில் ஒரு பங்கு நேரமே எரிவதால் சராசரி 33 மில்லிஆம்பியர் என்று வைத்தால் 300 மைக்ரோகூலோம். 100 மைக்ரோஃபாரட் மட்டும் அதைத் தருவதென்றால் மொத்த 3 வோல்ட்டும் காலி. கரண்ட்டை 30 மில்லிஆம்பியராக இறக்கி, 220 மைக்ரோஃபாரட் வையுங்கள். சரிவு 0.4 வோல்ட்டோடு நிற்கும். ஒன்றை மறக்காதீர்கள்: கெப்பாசிட்டர் 25 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே, யாரும் தொடாத ரிமோட்டில் செல் ஒரு வருடத்தில் தீர்ந்துபோகும்.

கேள்வி (ஆப் எழுதுபவர்): போனில் இருக்கும் ஐ.ஆர். பிளாஸ்டரின் (போனை ரிமோட்டாக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி.) வலிமையை ஆப்பிலிருந்து மாற்றலாமா அண்ணா?

பதில்: நேரடியாக முடியாது. 2013இல் ஆண்ட்ராய்டு 4.4இல் வந்த அந்த வசதி இரண்டைத்தான் கேட்கும்: கேரியர் அலைவரிசை (38 கிலோஹெர்ட்ஸ் போன்ற துடிப்பு வேகம்), எரிந்து அணையும் நேரங்களின் வரிசை. கரண்ட்டும் எரியும் பங்கும் போனைத் தயாரித்தவர் முடிவு.

கேள்வி (ஒரு தாய்): குழந்தை ரிமோட்டைக் கண்ணருகே வைத்து அழுத்துகிறது. ஆபத்தா?

பதில்: சாதாரண ரிமோட்டுக்குப் பயப்பட வேண்டாம் அம்மா. துடிப்பு சிறியது, பட்டனை விட்டதும் நின்றுவிடும். வடிவமைப்பவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கு இமை தானாக மூடாது. அதனால் ‘அதிகபட்சம்’ என்ற நிலையைப் பட்டன் அழுத்தும் நேரத்துக்கு மட்டும் அனுமதியுங்கள். ஒளியால் கண்ணுக்கு வரும் ஆபத்தை அளவிடும் ஐ.இ.சி. 62471 தரத்தோடும் கணக்கை ஒப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி (டிப்ளமோ மாணவர்): சார், புரோகிராம் நடுவில் நின்றுவிட்டால் எல்.இ.டி. எரிந்துகொண்டே இருக்குமா?

பதில்: இருக்கும், எனக்கே நடந்திருக்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாததால் ஒரு போர்டு இரவு முழுக்க அப்படியே கிடந்தது. காலையில் டிரான்சிஸ்டரைத் தொட்டால் கை சுட்டது. அன்றிலிருந்து மைக்ரோகன்ட்ரோலருக்கும் பேஸுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 1 கிலோஓம் ரெசிஸ்டர், பேஸிலிருந்து தரைக்கு ஒரு தலைகீழ் டயோடு போடுகிறேன். 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு உள்ளே போகும். மைக்ரோகன்ட்ரோலரின் கால் உயர் வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் ஒரு மில்லி வினாடிக்குள் எல்.இ.டி. தானே அணைந்துவிடும். உங்கள் போர்டில் அந்த மூன்று பொருளுக்கும் இடம் விட்டு வரைந்துவிடுங்கள். சோதிக்கும்போது போனின் முன்பக்கக் கேமராவை எல்.இ.டி.க்கு நேரே பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஊதாப் புள்ளியாகத் தெரியும்.