காலி நாற்காலிகளை யார் பார்ப்பார்கள்?

வணக்கம்.

அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்கள் உட்காரும் நாற்காலிகளை மட்டும், ஆள் இல்லாமல், ஒரு வரிசையாகப் படமெடுக்க நினைக்கிறேன். கயிறு கட்டியது, கை உடைந்தது, அட்டை விரித்தது என்று தெருவுக்குத் தெரு விதவிதமாக இருக்கின்றன. ‘பார்க்கிறவர்களை நினைத்தால் கலை கெட்டுவிடும், முதலில் எடு’ என்கிறான் நண்பன். எனக்கோ கேலரி வாடகையை விசாரித்ததிலிருந்து அதே கவலை. எங்கிருந்து தொடங்குவது?

ர., கோவை

அன்புள்ள ர.,

கேலரியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பார்ப்பவருக்குப் பிடிக்குமா என்று யோசிக்காதே என்றால் நண்பர் சொல்வது சரி. யார், எங்கே நின்று பார்ப்பார்கள் என்பது வேறு கேள்வி. அது தெரியாமல் கேமராவின் உயரத்தைக்கூட முடிவு செய்ய முடியாது.

குடியிருப்பவர்கள் பார்க்கவேண்டும் என்றால், அவர்கள் தினமும் கடந்துபோகிற கார் ஜன்னலின் உயரத்திலிருந்து எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தூரத்தில், நேர் எதிரே. ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளை அப்படித்தான் எடுத்தார்கள். எடுக்கும் முறை மாறாததால் தொட்டிகளின் வித்தியாசம் கண்ணில் படுகிறது. பிறகு ஏ4 அளவில் அச்செடுத்து, அனுமதி வாங்கி, பக்கத்துத் தெரு அபார்ட்மெண்டின் லிஃப்ட்டில் ஒட்டுங்கள். பார்த்துவிட்டு இறங்குகிறவர் தன் வாசல் நாற்காலியைத் திரும்பிப் பார்ப்பார்.

வாட்ச்மேன்களுக்காக என்றால் நாற்காலியையே எடுக்கவேண்டாம். அவர்களுக்குத் தெரியாத நாற்காலியா? அதில் உட்கார்ந்தால் ராத்திரி முழுக்க எது தெரிகிறதோ அதை எடுக்கலாம்.

பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் 2009இல் கென்யாவின் நைரோபியில், கிபேரா என்ற குடிசைப்பகுதியில் செய்ததைத் தேடிப் பாருங்கள். அங்கு வாழும் பெண்களின் கண்களையும் முகங்களையும் சுமார் 2,000 சதுர மீட்டர் கூரைகளின் மேல் விரித்தார். தண்ணீர் புகாத வினைலில் அச்சிட்டதால் மழைக்காலத்தில் வீட்டுக்காரர்களுக்கு உபயோகமாகவும் இருந்தது. அந்த வழியே போகும் ரயிலின் பெட்டிகளில் கண்கள், தண்டவாளச் சரிவில் வைத்த தகரங்களில் முகத்தின் கீழ்ப்பாதி. ரயில் கடக்கும் அந்தச் சில நொடிகளில் முகம் சேரும். கீழே குடியிருந்து ரயில் நேரம் தெரிந்தவர்களுக்கென்றே யோசித்தது மாதிரி இருக்கிறது.

அப்புறம், நீங்கள் கணக்கில் சேர்க்காத பார்வையாளர் ஒருவர் உண்டு: அசோசியேஷன் செக்ரட்டரி. கை உடைந்த நாற்காலியின் படம் அவருக்குப் புகார்க் கடிதம். ‘யாரைக் கேட்டு எடுக்கவிட்டாய்?’ என்ற கேள்வி உங்களிடம் வராது, வாட்ச்மேனிடம் போகும். அதனால் பெயர்ப்பலகை, கேட், வண்டி நம்பர் எதுவும் ஃபிரேமில் வேண்டாம். முதல் பிரிண்ட்டை அந்த வாட்ச்மேனிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள், கயிற்றுக் கட்டு எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும்.