ஹவுஸ் சர்ஜன் மகள் இ.என்.டி. கேட்கிறாள், விடலாமா?

ஐயா, வணக்கம். எம்.பி.பி.எஸ். கடைசி வருஷப் பயிற்சியில், அதாவது ஹவுஸ் சர்ஜனாக, இருக்கும் உங்கள் மகள் மேற்படிப்புக்கு இ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "அஞ்சரை வருஷம் படிச்சிட்டு காதுக் குரும்பி எடுக்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குரும்பியும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இ.என்.டி. அறுவை சிகிச்சைத் துறை, பட்டமே எம்.எஸ்.தான், எம்.டி. அல்ல.

சீழ் வடியும் காதுக்குச் செய்யும் ஆபரேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி ட்ரில்லால் குடைய வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. ட்ரில் முனை சூடேறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நரம்பு அறுபட்டாலும் சரி, சூடுபட்டாலும் சரி, நோயாளிக்கு வாய் கோணிவிடும், கண் மூடாது. அதனால்தான் பி.ஜி. மாணவர்கள் முதலில் இறந்தவர்களின் எலும்பில் குடைந்து பழகுகிறார்கள்.

நைட் டியூட்டி தொல்லை இல்லாத துறை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். குழந்தை மூக்கில் திணித்துக்கொண்ட பட்டன் பேட்டரி சில மணி நேரத்திலேயே உள்சதையை அரித்துவிடும். விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. டான்சில் எடுத்து வீட்டுக்குப் போன பிள்ளைக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் திடீரென்று ரத்தம் வரலாம். மூச்சுக்குழாயில் வேர்க்கடலை சிக்கினாலும் இ.என்.டி. டாக்டர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் இ.என்.டி.க்கு இரண்டே வாரம். அதை ஓ.பி.யில் சீட்டு எழுதியே கழித்துவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். தியேட்டரில் மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்க்கக் கேட்கட்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே காட்சி தெரிந்தால்தான் ஆழம் பிடிபடும். மாறுகண்ணோ ஒரு கண்ணில் மங்கலோ இருந்தால் இப்போதே கண் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

படிப்பு எம்.எஸ். அல்லது டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் மேற்படிப்புப் பட்டம்), மூன்று வருஷம். நீட் பி.ஜி. எழுத வேண்டும், எய்ம்ஸ், ஜிப்மர் இடங்களுக்கு ஐ.என்.ஐ. சி.இ.டி. தனித் தேர்வு. அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு, மீதி மாநிலக் கவுன்சலிங்.

கவுன்சலிங்கில் கல்லூரி சாய்ஸ் கொடுக்குமுன் கல்லூரியின் பெயரைவிட, அங்கே படிக்கும் பி.ஜி.க்களிடம் இரண்டு கேள்விகள் முக்கியம்: எலும்பு குடைந்து பழக லேப் இருக்கிறதா? மூன்றாம் வருஷத்தில் காது ஆபரேஷனைக் கையில் கொடுக்கிறார்களா, கடைசிவரை பக்கத்தில் நிற்க வைக்கிறார்களா? பாண்டு (படித்து முடித்தபின் அரசு வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்) எத்தனை வருஷம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்தந்த வருஷத்து விவரக் கையேட்டில் நீங்களே படித்துப் பாருங்கள்.