கயிற்றில் இறங்குவதன் பாதுகாப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சிங்கப்பூரின் டெய்ரி ஃபார்ம் பழைய கற்சுரங்கத்தில் நானும் என் தங்கையும் பயிற்சி செய்கிறோம். கயிற்றின் முனைகளில் முடிச்சுப் போட்டால் பாறை இடுக்கில் சிக்கிக்கொள்ளும் என்று சிலர் போடுவதில்லை. முடிச்சு அவசியமா? (ஈசூன்)

பதில்: கட்டாயம் போடுங்கள். 60 மீட்டர் கயிற்றை, மேலே பாறையில் பொருத்திய வளையத்தில் கோத்து இரண்டாகத் தொங்கவிட்டால் பக்கத்துக்கு 30 மீட்டர்தான் கிடைக்கும். கயிற்றின் நடுவைக் காட்டும் குறி வளையத்தில் சரியாக அமையாவிட்டால் ஒரு பக்கம் அதைவிடக் குறைந்துவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. கயிற்றைப் பிடித்து இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை விட்டுக் குறுகிய முனை நழுவினால், இறங்குபவரின் எடையே மறுபக்கத்தை இழுக்க, முழுக் கயிறும் வளையத்தின் வழியே ஓடிவிடும். அனுபவசாலிகளும் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள் என்பதால்தான் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இரு முனைகளிலும் தனித்தனியாக, ஒரு சாண் வால் மிஞ்சும்படி முடிச்சிட்டு இறுக்குங்கள். காற்று பலமாக இருந்தால் கயிற்றை வீசாமல் சுருட்டி இடுப்போரம் தொங்கவிட்டு, இறங்க இறங்க விடுவிக்கலாம். எல்லோரும் இறங்கியபின், கயிற்றை இழுக்குமுன் முடிச்சுகளை அவிழ்க்க மறவாதீர்கள்.

கேள்வி: புரூசிக் (கயிற்றைச் சுற்றிக் கவ்வும் காப்பு முடிச்சு) போட்டும், கையை விட்டுப் பார்த்தபோது பிடிக்கவில்லை. ஏன்? (தெம்பனிஸ்)

பதில்: உங்கள் கருவி இடுப்புப் பட்டையின் வளையத்திலேயே நேரடியாக மாட்டப்பட்டிருந்ததா? அப்படியானால் புரூசிக் மேலேறிக் கருவியில் முட்டியிருக்கும். முட்டினால் அது இறுகாது. கருவியை ஒரு ஸ்லிங்கால் (உறுதியான நாடா வளையம்) மார்பளவுக்கு உயர்த்தி, புரூசிக்கைக் கருவிக்குக் கீழே, இடுப்பு வளையத்தில் மாட்டுங்கள். கைப்பிடிக்குள் அதைத் தளர்த்திக் கீழே தள்ளியபடி இறங்க வேண்டும். கை விலகியவுடன் சுற்றுகள் கயிற்றைக் கவ்வ வேண்டும். கவ்வாவிட்டால் இன்னொரு சுற்றுச் சேருங்கள். அதற்கு 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு ஏற்றது. டைனீமா என்னும் செயற்கை இழையாலான ஸ்லிங்கைப் பயன்படுத்தாதீர்கள். அது வழுக்கும், நைலானைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகும்.

கேள்வி: புறப்படுமுன் எதைச் சரிபார்ப்பது? (ஜூரோங்)

பதில்: உங்களைப் பிடித்திருக்கும் பாதுகாப்பு ஸ்லிங் ஆங்கரில் (கயிற்றைத் தாங்கும் பாறைப் பிடிமானம்) மாட்டியிருக்கும்போதே, முழு எடையையும் கயிற்றில் இறக்கிப் பாருங்கள். ஸ்லிங் தளர்ந்து தொங்க வேண்டும், கருவி தாங்க வேண்டும், புரூசிக் கவ்வ வேண்டும். இம்மூன்றையும் கண்ணால் பார்த்தபின்னரே ஸ்லிங்கைக் கழற்றலாம். கருவிக்குள் இரு கயிறுகளும் சென்று, கராபினர் (பூட்டுள்ள உலோகக் கொக்கி) இரண்டையும் பிடித்திருக்கிறதா, அதன் பூட்டுத் திருகியிருக்கிறதா என்று உடன் வருபவரும் தொட்டுப் பார்க்கட்டும். நீண்ட கூந்தலை முடிந்து சட்டைக்குள் விடச் சொல்லுங்கள்; கருவிக்குள் இழுபட்ட முடியை அந்தரத்தில் தொங்கியபடி விடுவிப்பது மிகக் கடினம்.

கேள்வி: தாய்லாந்தின் ரெய்லேக்குப் போகிறோம். அங்கே பாறையில் பதித்துள்ள ஆணிகளை நம்பலாமா? (உட்லண்ட்ஸ்)

பதில்: கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளும் உள்ளுக்குள் விரிசல் விட்டுப் பலமிழக்கும், வெளியே பார்த்தால் நன்றாகவே தெரியும். அதனால்தான் அங்கே பல ஏற்றங்களில் (ஏறும் பாதைகளில்) டைட்டானியம் ஆணிகளைப் பதித்திருக்கிறார்கள். எந்த ஏற்றத்தில் எது இருக்கிறது என்று உள்ளூர் வழிகாட்டிகளிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். ஒற்றை ஆணியில் தொங்கி இறங்காதீர்கள்.

கேள்வி: பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால்? (அங் மோ கியோ)

பதில்: நம் ஊரில் மழையோடு இடியும் வரும். இடிச் சத்தம் கேட்கும்முன், வானம் கறுக்கும்போதே இறங்கிவிடுங்கள். நனைந்த நைலான் கயிறு கனக்கும், காயும்வரை அதன் பலமும் குறையும். வீட்டுக்கு வந்ததும் வெயில் படாமல் நிழலில் விரித்துக் காயவையுங்கள்.