ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டி தேடும் மாமனார்

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். மாமனாருக்கு 78 வயது. தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து அல்சைமர் மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள். பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியைத் தேடுகிறார். "இன்னைக்கு நம்ம முறை, தண்ணி கட்டணும்" என்கிறார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பல வருஷம் ஆகிறது. அதைச் சொன்னால் கையை ஓங்குகிறார். "முறை நாளைக்குத்தான் மாமா, ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு" என்றால் படுத்துவிடுகிறார். பெரியவரிடம் பொய் சொல்வது உறுத்துகிறது. கணவருக்குக் கும்பகோணத்தில் கடை. வந்ததும் அசந்து தூங்கிவிடுவார். சென்னை நாத்தனார் போன் செய்தால், "சாப்டியாம்மா, மாப்ள சௌக்கியமா" என்று மாமா கணீரென்று பேசுகிறார். "அப்பா நல்லாத்தானே இருக்கார், அண்ணிதான் பெருசு பண்றாங்க" என்கிறார் அவர். இரவில் மாமாவின் அறையை வெளியில் பூட்டலாமா? தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, அந்தப் பொய்யைத் தாராளமாகச் சொல்லுங்கள். குத்தகைக்கு விட்டது அவர் நினைவில் இல்லை; தண்ணீருக்குக் காவல் இருந்த பழக்கம் அப்படியே இருக்கிறது. எத்தனை தடவை திருத்தினாலும் மனதில் தங்காது, கோபம்தான் மிஞ்சும். "எந்த மடை மாமா?" என்று கேட்டுப் பாருங்கள், பேசிக்கொண்டே அடங்குவார்.

அறையைப் பூட்டாதீர்கள். பதறிக் கதவில் மோதி விழுவார். தீ, மின்கசிவு என்றால் வெளியே வர வழியிருக்காது. வாசல் கதவுக்கு மட்டும் அவர் கண்ணில் படாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போட்டு, ஒரு மணியும் கட்டுங்கள். மண்வெட்டி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலம், தள்ளிப்போடாமல் இன்றே செய்யுங்கள். சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய அட்டை வையுங்கள். டீக்கடையிலும் சொல்லி வையுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது. குழப்பம் கூடும், விழுந்து இடுப்பு எலும்பு முறியும். பகல் தூக்கத்தைக் குறைத்து, சாயங்காலம் வரப்பு வரை நடக்க வையுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று மோசமானால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ஒத்துக்கொள்ளாத மாத்திரை இப்படி எதுவாகவும் இருக்கலாம், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

அப்புறம் நாத்தனார். நலம் விசாரிக்கிற பேச்சு பல வருஷப் பழக்கம். காலையில் என்ன சாப்பிட்டார் என்பதே மறந்தவர்கூட ஐந்து நிமிஷம் அப்படிப் பேசிவிடுவார். நாத்தனாரிடம் போனில் வாதாடிப் பயனில்லை. "மூணு ராத்திரி வந்து அப்பா பக்கத்துல படுங்க" என்று கேளுங்கள். கணவருக்குக் கடை அலுப்பு உண்டுதான், ஆனால் அவருடைய அப்பா. வாரத்தில் இரண்டு இரவு அவர் பார்க்கட்டும். அன்று நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும், மணிச் சத்தம் கேட்டாலும் எழுந்து வரக்கூடாது.

மனசு தாங்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள், அப்படியே உங்கள் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள்.