குயில்மேல் கோபப்படலாமா?

கேள்வி: மாலை ஷிஃப்ட் முடித்து வந்து நான் படுக்கவே இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. இரண்டு மாதமாக மூன்றரை, நான்கு மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு மரத்தில் குயில் கூவ ஆரம்பித்துவிடுகிறது. அது ஓய்ந்தால் காக்கைகள். தூக்கமில்லாமல் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். பட்டாசு வெடித்து விரட்டிவிடலாம் என்கிறார் கணவர். நான் ஆன்லைனில் ஒரு பறவை விரட்டும் கருவியைப் பார்த்து வைத்திருக்கிறேன். மரத்தை வெட்டச் சொன்னதில் பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சு நின்றுபோனது. எல்லோரும் கொண்டாடும் குயிலை நான் வெறுக்கிறேனே, எனக்குத்தான் ஏதாவது கோளாறா?
– தூக்கம் தொலைத்த வாசகி

அன்புத் தங்கைக்கு,

உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. தூங்கி மூன்று மணி நேரம்கூட ஆகாதவரை எழுப்பினால் தாலாட்டும் இம்சைதான். முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள்.

எனக்கும் ஒரு வருடம் இதே பாடு. ஜன்னலுக்கு எதிர்க்கிளையில் கருகருவென்று, ரத்தச் சிவப்புக் கண்களோடு ஓர் ஆண் குயில். நாம் பாட்டில் பெண்ணாக்கிவிட்டாலும், அப்படி உரக்கக் கூவுவது ஆண்தான். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அதன் குரல் ‘கிக் கிக்’ என்று வெடுக்வெடுக்கென வரும். ஆணின் கூவல் ஒவ்வொரு முறையும் ஒரு படி சுருதி ஏறி, உச்சியில் சட்டென்று நின்றுவிடும். அந்த நிசப்தம்தான் நம்மைப் படுத்துவது. அடுத்த கூவல் எப்போது வரும் என்று காது தன்னால் காத்துக் கிடக்கும். சத்தத்தைவிட அந்தக் காத்திருப்புதான் என்னை அதிகம் விழிக்க வைத்தது.

பட்டாசு வேண்டவே வேண்டாம். காக்கைக் கூட்டம் முழுதும் கிளம்பி அரை மணி நேரம் கத்தித் தீர்க்கும், பிறகு அதே மரத்துக்கே திரும்பும். கூட்டில் குஞ்சு இருந்தால் தவறி விழவும் கூடும். பல நாடுகளில் காட்டுப் பறவைகளைத் துன்புறுத்துவதும் முட்டையுள்ள கூட்டைக் கலைப்பதும் சட்டப்படி குற்றம் என்பதையும் கணவரிடம் சொல்லுங்கள். நீங்கள் பார்த்து வைத்த கருவி, மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்புவது என்றால் வாங்காதீர்கள். நம் காதுக்கு எட்டாத அந்த உச்சச் சுருதி பெரும்பாலான பறவைகளுக்கும் கேட்காது. பிளாஸ்டிக் ஆந்தை சில நாள் பயமுறுத்தும், அப்புறம் பழகிவிடும். குயில் சத்தத்தைப் பதிவு செய்து திருப்பிப் போடலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். போட்டிக்கு வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அது இன்னும் கிட்டே வந்து கூவும்.

குயில் ஏன் உங்கள் வீட்டோரமாக வந்தது என்று பார்ப்போம். குயில் கூடு கட்டாது. காக்கைக் கூட்டில்தான் பெரும்பாலும் முட்டையிடும். ஆண் குயில் காக்கைகளின் கவனத்தைத் திருப்ப, அந்த இடைவெளியில் பெண் குயில் முட்டையிட்டுப் பறந்துவிடும். குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுக்கு முன்பே பொரிந்து, காக்கை ஊட்டும் இரையில் வளரும். ஆக, காக்கை எங்கே கூடு கட்டுகிறதோ அங்கே குயில் வரும். காக்கை எங்கே வரும்? மூடாத குப்பைத் தொட்டி, வெளியே கொட்டிய மிச்சச் சாப்பாடு, நாய்க்கு வைத்து அப்படியே விட்ட தட்டு இருக்கும் இடத்துக்கு வரும். இவற்றை மூடினால் நாளைக் காலையே அமைதி கிடைக்காது. ஆனால் அடுத்த கூடு கட்டும் காலத்தில் உங்கள் மரத்தில் காக்கைக் கூடு குறைய வாய்ப்புண்டு. மரத்தை வெட்டினாலோ அதே பறவைகள் பத்து அடி தள்ளி அடுத்த மரத்தில் உட்காரும்.

அடுத்தது வெளிச்சம். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், வியன்னா அருகே தெருவிளக்கு ஒளி படும் காட்டோரத்தில் இருந்த சிறு பறவைகள் சில, மற்றவற்றைவிட முன்னதாகவே விடியல் பாட்டைத் தொடங்கியது தெரியவந்தது. பெர்லின் நகரத்தில் நைட்டிங்கேல் என்னும் பாடும் பறவைகளைக் கவனித்து ஹென்ரிக் ப்ரும் என்ற பறவை ஆய்வாளர் 2004-ல் எழுதினார்: இரைச்சல் மிகுந்த இடத்தில் அவை உரக்கப் பாடின, வேலை நாள் காலைகளில் விடுமுறை நாள்களைவிட உரக்கப் பாடின. நம் வண்டிச் சத்தத்துக்கு மேல் தன் குரல் எட்ட வேண்டுமே என்று அவையும் போராடுகின்றன. இதைப் படித்த பிறகு எனக்குக் குயில்மேல் இருந்த கோபம் பாதியாகிவிட்டது. குயில் இரவிலும் கூவக்கூடிய பறவை. அதனால் உங்கள் வீட்டு வாசல், மாடி விளக்குகளை இரவில் அணைத்துப் பாருங்கள். தெருவிளக்கு நேராக மரத்தின்மேல் அடித்தால், ஒளி கீழே மட்டும் விழும்படி மறைப்பு போடச் சொல்லி மனு கொடுங்கள்.

இதெல்லாம் பலிக்க நாளாகும். உங்களுக்கு இன்றைக்கே தூக்கம் வேண்டும். முடிந்தால் மரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் அறைக்குப் படுக்கையை மாற்றுங்கள். காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். ஜன்னல் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினால், கனத்த திரையைவிட நல்ல பலன் தெரியும். மின்விசிறி மாதிரி ஒரே சீரான சத்தம் அறையில் இருக்கட்டும். நிசப்தத்துக்கும் கூவலுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தாலே மூளை திடுக்கிட்டு விழிக்காது.

காதடைப்பான் போட்டுப் பார்த்தேன், பயனில்லை என்பவர்கள் நிறையப் பேர் அதை மேலோட்டமாகச் செருகியிருப்பார்கள். பஞ்சு போன்ற மென்மையான வகையை வாங்கி, விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்பகுதியைப் பின்பக்கமாக மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வையுங்கள். அது விரியும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காதீர்கள். உங்கள் குரலே உங்களுக்கு அடைத்த மாதிரி கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. நீங்கள் காதை அடைத்துத் தூங்கும் நேரத்தில் பிள்ளைகளைக் கணவர் கவனித்துக்கொள்ளட்டும். பட்டாசு வாங்கக் கிளம்பியவர் இதைச் செய்யலாமே.

பக்கத்து வீட்டு அக்காவிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், ஆனால் தூக்கம் கெட்ட காலையில் போகாதீர்கள். “மரத்தை வெட்டச் சொன்னது அவசரத்தில் சொன்னது அக்கா, எனக்குத் தூக்கமே இல்லை” என்று ஆரம்பியுங்கள். இரண்டு வீட்டுக் குப்பைத் தொட்டிகளுக்கும் மூடி போடுவதைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் ஜன்னலை உரசும் கிளை ஒன்றிரண்டு இருந்தால், கூட்டில் குஞ்சுகள் பறந்துபோன பிறகு கழித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள். மரம் அவருடையது, தூக்கம் உங்களுடையது என்று பிரித்துப் பேசினால் அவரும் இறங்கி வருவார் என்றே நினைக்கிறேன்.